ஆணியை எடுத்த பிறகு

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதைக் கடைசி வரியில் போட்டுவிட்டு, பட்டறைப் பையன் கதையை மூன்று பக்கம் எழுதியிருக்கிறாய். நீ மாறவே இல்லை.

கண்குழி ஓரமாக ஏறிய ஆணியைப் பிடுங்காமல் அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாயே, அதற்கே உன்னைக் கும்பிட வேண்டும். குத்திய பொருளே சில சமயம் ரத்தக்குழாய்க்கு மூடியாக இருக்கும்.

ஆணியை எடுத்தாயிற்று, பையன் நடமாடுகிறான், பிறகு எதற்கு மூளை ரத்தக்குழாய்களைப் படமெடுக்கும் ஆஞ்சியோகிராம் இரண்டாவது தடவை என்று கேட்டிருக்கிறாய். பணம் பறிக்க இல்லை. ரத்தக்குழாயின் சுவர் கிழிந்திருந்தால் அன்றைக்கே தெரியும் என்று சொல்ல முடியாது. உறைந்த ரத்தம் கிழிசலை அடைத்திருக்கும். நாளாக ஆக அது இளகி, குமிழாக உப்பும். அந்தக் குமிழுக்குச் சொந்தச் சுவர் கிடையாது. பலமுறை இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் வெடிக்கும். முதல் படம் சுத்தமாக இருக்கிறதென்று நான் ஒருவரை வீட்டுக்கு அனுப்பினேன். பதினாறாம் நாள் நினைவில்லாமல் திரும்பி வந்தார். அந்தப் படத்தை இப்போதும் எடுத்துப் பார்ப்பேன். இன்றைக்கும் அதில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

மறுபடி மண்டையைத் திறப்பார்களோ என்று அவன் அம்மா பயப்பட வேண்டாம். தொடையிலோ மணிக்கட்டிலோ சின்னத் துளை போட்டு, மெல்லிய குழாயைத் தமனி வழியாகவே மூளைவரை கொண்டுபோவோம். குமிழுக்குள் பிளாட்டினக் கம்பிச்சுருளை அடைப்பது ஒரு வழி. 1990இல் லாஸ் ஏஞ்சலீஸில் குலியெல்மி என்ற டாக்டர் தொடங்கிவைத்தது. சுருள் சரியாக உட்கார்ந்ததும் லேசாக மின்சாரம் விடுவார்கள், இணைப்பு கரைந்து சுருள் தனியே விடுபடும். உனக்குப் பிடிக்கும் வேலை!

சுவரில்லாத குமிழில் சுருளைத் திணித்தால் கிழியவும் கூடும். அதனால் சில நேரம் அந்த ரத்தக்குழாயையே மூடிவிடுவோம். அது இல்லாமல் மூளை தாங்குமா என்று பார்க்க, அதற்கு முன் குழாய்க்குள்ளேயே சின்னப் பலூனை ஊதிக் கொஞ்ச நேரம் அடைத்துவைத்து, விழித்திருக்கும் ஆளிடம் "கையைத் தூக்குங்கள், ஊர்ப் பெயர் சொல்லுங்கள்" என்று கேட்டுக்கொண்டே இருப்போம். நாக்கு குழறினால் உடனே பலூனைச் சுருக்கிவிட வேண்டும். பலூன் வித்தை மாஸ்கோவின் மூளை அறுவை டாக்டர் செர்பினென்கோ 1974இல் எழுதியது. மே தினத்தில் குழந்தைகள் நூலில் கட்டிய பலூனை ஆட்டியதைப் பார்த்து அவருக்குத் தோன்றியதாகச் சொல்வார்கள். வலைக்குழாய் வைத்து ரத்தத்தின் போக்கைத் திருப்புவதும் உண்டு. ஆனால் அதற்கு ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை கொடுக்க வேண்டும், புதுக் காயம் பட்ட மூளைக்கு அது ஆகாது. அங்கேதான் எங்களுக்குள் சண்டை வரும்.

பையனுக்குக் கண் சிவந்து பிதுங்கினாலோ, காதுக்குள் நாடியோடு சேர்ந்து "சர் சர்" என்று இரைந்தாலோ, கடுமையாகத் தலை வலித்தாலோ, கொடுத்த தேதிக்குக் காத்திருக்காதே, ராத்திரியானாலும் புறப்படு.

செவ்வாய்க்கிழமை நான் இந்தக் குழாய் வேலையெல்லாம் நடக்கும் கேத் லேபில்தான் இருப்பேன், அவனையும் கூட்டிக்கொண்டு வா. கல்யாணப் பத்திரிகையைத் தபாலில் போட்டுவிடாதே, கையில் கொண்டு வா.

உன்,
சண்முகம்