ஆளுநர் எட்வர்ட் கிளைவின் தாள்களுக்கு எழும்பூரில் பிரதி வேண்டி மனு

அனுப்புநர்:
மனுதாரர்,
நியூடவுன், போவிஸ் கவுண்டி, வேல்ஸ்.
(சொந்த ஊர்: திருப்பத்தூர் வட்டம், சிவகங்கை மாவட்டம்)

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
தமிழ்நாடு ஆவணக் காப்பகம் மற்றும் வரலாற்று ஆராய்ச்சித் துறை,
எழும்பூர், சென்னை.

பொருள்: 1798 முதல் 1803 வரை மெட்ராஸ் ஆளுநராக இருந்த எட்வர்ட் கிளைவ், அவர் மனைவி ஹென்ரியெட்டா ஆகியோரின் கடிதங்கள், தாள்களின் மின்பிரதிகளை வேல்ஸ் தேசிய நூலகத்திலிருந்து பெற்று வாசகர் பார்வைக்கு வைக்க வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். நான் பதினோரு ஆண்டுகளாக நியூடவுனில் செவிலியாக வேலை பார்த்து வருகிறேன். செவெர்ன் ஆற்றங்கரையில் உள்ள சிறிய ஊர் இது. சுற்றிலும் மேய்ச்சல் மலைகள். மனிதர்களைவிட ஆடுகள் அதிகம். 1974-இல் மூன்று பழைய கவுண்டிகளைச் சேர்த்துப் போவிஸ் என்று ஆக்கினார்கள். ஆனால் எங்கள் பகுதிப் பெரியவர்கள் இன்றும் மாண்ட்கோமரிஷயர் என்றுதான் சொல்கிறார்கள். இராமநாதபுரம் மாவட்டம் பிரிந்து இத்தனை ஆண்டுகள் ஆகியும் எங்கள் அப்பா சிவகங்கையைப் பழைய மாவட்டப் பெயரால் சொல்வது போலத்தான்.

சென்ற ஆண்டு என் மகளுக்குப் பள்ளியில் ஒரு வேலை கொடுத்தார்கள். நம் கவுண்டியில் பிறந்த, வாழ்ந்த பெரிய மனிதர்களைப் பற்றி எழுதி வர வேண்டும். இந்த மனு அங்கிருந்துதான் தொடங்கியது.

முதலில் ராபர்ட் ஓவன். 1771-இல் நியூடவுனில் பிறந்தவர். சிறுவயதிலேயே பிழைப்புத் தேடி வெளியூர் போனவர், உயிர் போகும் தறுவாயில் ஊர் திரும்பி 1858-இல் இங்கேயே இறந்தார். ஆற்றங்கரைப் பழைய தேவாலயத்தில் அவர் கல்லறையைச் சுற்றிக் கூட்டுறவு இயக்கத்தினர் வைத்த இரும்புக் கிராதி இருக்கிறது. நம் ஊர் ரேஷன் கடைப் பலகையில் "கூட்டுறவு" என்ற சொல்லைப் பார்த்து வளர்ந்தவள் நான். அதன் மூலவர்களில் ஒருவர் என் வீட்டுக்குப் பக்கத்தில் உறங்குகிறார் என்று அறிந்த நாள் எனக்கு வியப்பாக இருந்தது.

அடுத்து ஆன் கிரிஃபித்ஸ். டோல்வர் ஃபாக் என்ற பண்ணை வீட்டின் மகள். 1805-இல், இருபத்தொன்பதாம் வயதில், பிள்ளை பெற்ற சில நாட்களில் மறைந்தார். அவர் வெல்ஷ் மொழியில் கட்டிய பாடல்களில் பெரும்பாலானவற்றை எழுதி வைக்கவில்லை. அவை வீட்டு வேலைக்கு இருந்த ரூத் எவன்ஸ் என்ற பெண்ணின் நினைவில் தங்கியிருந்தன. அவள் ஒப்பிக்க, அவள் கணவர் ஜான் ஹியூஸ் எழுதி வைத்தார். ஒரு வேலைக்காரப் பெண்ணின் மனப்பாடம் இல்லாவிட்டால் வெல்ஷ் பக்தி இலக்கியத்தின் உச்சம் ஒன்று காணாமல் போயிருக்கும். எழுத்தறியாத பாட்டிகளின் ஒப்பாரிகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

மூன்றாவதாகத் தாமஸ் ஜோன்ஸ். இதே கவுண்டியின் தச்சர் மகன். 1841-இல் சிரபுஞ்சிக்குப் போய், அங்குள்ள மலைமக்கள் பேசும் காசி (Khasi) மொழிக்கு ரோமன் எழுத்தில் நெடுங்கணக்கு அமைத்தார். அந்த நெடுங்கணக்கில் "ங்" ஒலிக்கான எழுத்து, வெல்ஷ் வரிசையில் உள்ளது போலவே "g" எழுத்தை அடுத்து வருகிறது! அவர் நினைவாக மேகாலய அரசு ஜூன் 22-ஐ விடுமுறை நாளாக்கியிருக்கிறது. இந்தக் கவுண்டியில் பிறந்த ஒருவரை இந்திய மாநில அரசு ஒன்று ஏற்கெனவே தன் வரலாற்றில் சேர்த்துக்கொண்டிருக்கிறது என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

நான்காவது பெயரான எட்வர்ட் கிளைவுக்காக மகளைப் போவிஸ் கோட்டைக்கு அழைத்துப் போனேன். செந்நிறக் கல்லால் கட்டியது. பழைய வெல்ஷ் பெயரும் செங்கோட்டை என்றே பொருள்படும். 1952 முதல் நேஷனல் டிரஸ்ட் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பின் பராமரிப்பில் இருக்கிறது. உள்ளே கிளைவ் அருங்காட்சியக அறையில், திப்பு சுல்தானின் அரியணையில் இருந்த பொன் புலித்தலை ஒன்று கண்ணாடிக்குள் இருக்கிறது. திப்புவின் சீட்டித்துணிக் கூடாரமும் இந்தக் கோட்டைக்கே வந்து சேர்ந்தது. தோட்ட விருந்துகளுக்கு அதை விரித்துக் கட்டியிருக்கிறார்கள்.

இவை இங்கே வந்த வழி, ஒரு கல்யாண சம்பந்தம். பிளாசிப் போரில் வென்ற ராபர்ட் கிளைவின் மகன் எட்வர்ட், 1784-இல் இந்தக் கோட்டையின் ஹெர்பர்ட் குடும்பத்து மகள் ஹென்ரியெட்டாவை மணந்தார். ஹென்ரியெட்டாவின் அண்ணன் 1801-இல் வாரிசின்றி இறந்தார். 1804-இல் எட்வர்டுக்குப் போவிஸ் பிரபு பட்டம் கிடைத்தது. அவர் மகன் கிளைவ் என்ற குடும்பப் பெயரை விட்டு ஹெர்பர்ட் ஆகி, கோட்டையை அடைந்தார்.

இந்த எட்வர்ட் கிளைவ்தான் 1798 முதல் 1803 வரை மெட்ராஸ் ஆளுநர். தங்களுக்குத் தெரியாததல்ல, ஆனாலும் ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்க்கும்படி வேண்டுகிறேன். 1799 மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. அதே ஆண்டு தஞ்சை அரசு கம்பெனியின் கைக்குப் போனது. அக்டோபர் 16-இல் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். 1801 ஜூலையில் கர்நாடக நவாபின் நாடு முழுவதும் கம்பெனி வசமானது. அக்டோபர் 24-இல் என் ஊர்த் திருப்பத்தூரில் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டார்கள். நாம் படித்த பாளையக்காரர் போரின் 1799 முதல் 1801 வரையிலான கட்டம் முழுவதும் இந்த ஒரு மனிதரின் பதவிக் காலத்துக்குள் நடந்தது.

போவிஸ் கோட்டையில் அவர் படத்துக்கு முன் நின்று என் மகள் கேட்டாள்: "அம்மா, இவர்தான் நம்ம ஊர் மருது பாண்டியரைத் தூக்குல போட்டவரா?" நான் யோசித்துவிட்டு, "உத்தரவு போட்ட அரசுக்குத் தலைவர்" என்றேன். அவர் தன் கையால் என்ன எழுதினார், தயங்கினாரா, மனைவியிடம் என்ன சொன்னார் என்று அவள் அடுத்துக் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

அந்த மனைவியின் கதை இன்னும் சுவையானது. 1800 மார்ச்சில் ஹென்ரியெட்டா தன் இரண்டு மகள்களுடனும் அன்னா டொனெல்லி என்ற இத்தாலிய ஓவியருடனும் மெட்ராஸிலிருந்து கிளம்பினார். வேலூர், பெங்களூரு, ஸ்ரீரங்கப்பட்டணம், திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர் என்று சுற்றி அக்டோபரில் திரும்பினார். ஆயிரம் மைலுக்கு மேல். ஆளுநர் உடன் போகவில்லை. வழியெல்லாம் செடிகொடிகளும் கற்களும் சேகரித்தார். அவர் சேகரித்த கனிமங்கள் இன்று கார்டிஃப் தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளன. பன்னிரண்டு வயது இளைய மகள் சார்லட் நாட்குறிப்பு எழுதினாள். பின்னாளில் விக்டோரியா இளவரசிக்கு ஆசிரியையாக அமர்ந்தவள் அவள்தான். கிளிவியா என்ற பூச்செடிக்கும் அவள் பெயரே. ஒரே கவுண்டியின் இரண்டு பெண்கள், ஆன் கிரிஃபித்ஸும் ஹென்ரியெட்டாவும்: ஒருத்தி டோல்வர் ஃபாக்கில் பாட்டுக் கட்டிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், இன்னொருத்தி தஞ்சைப் பெரிய கோயில் இருக்கும் ஊருக்குப் பல்லக்கும் பரிவாரமுமாக வந்திருக்கிறாள். கட்டபொம்மன் மறைந்து ஓராண்டு நிறையாத காலம் அது. சாலையில் அவர்கள் கண்ட தமிழ்நாடு எப்படி இருந்தது என்று அறிய எனக்கு ஆசை.

தாங்கள் காக்கும் எழும்பூர்க் காப்பகத்தில் அந்த ஆண்டுகளின் அரசு நடவடிக்கைக் குறிப்புகள் உள்ளன. ஆளுநரும் ஆலோசனைச் சபையும் என்ன முடிவு செய்தார்கள் என்பது அங்கே கிடைக்கும். ஆளுநர் வீட்டுக்கு எழுதியதும், அவருக்குத் தனிப்பட்ட முறையில் வந்ததும் அபெரிஸ்ட்வித் நகரிலுள்ள வேல்ஸ் தேசிய நூலகத்திலும், இன்னொரு பகுதி லண்டன் பிரிட்டிஷ் நூலகத்திலும் கிளைவ் குடும்பத் தாள்களாகக் கிடக்கின்றன. ஒரே சம்பவத்தின் இரண்டு பாதிகளையும் சேர்த்துப் படிக்க விரும்பும் மதுரை மாணவர் ஒருவர் விசாவும் விமானச் சீட்டும் எடுக்க வேண்டியிருக்கிறது.

ஆகவே, முதற்கட்டமாக வேல்ஸ் தேசிய நூலகத்துடன் தங்கள் துறை அதிகாரபூர்வமாகக் கடிதத் தொடர்பு கொண்டு, 1798 முதல் 1803 வரையிலான எட்வர்ட், ஹென்ரியெட்டா கிளைவ் தாள்களுக்கு மின்பிரதி பெற்று, எழும்பூர் வாசகர் அறையில் வைத்துத் தருமாறு வேண்டுகிறேன். தனிநபர் கேட்பதும் ஒரு மாநில அரசின் காப்பகம் கேட்பதும் ஒன்றல்ல என்பதால்தான் தங்களை அணுகுகிறேன். புலித்தலையும் கூடாரமும் யாருக்கு உரியவை என்பது வேறு வழக்கு. அதை இதில் கலக்கவில்லை. பிரதி எடுத்தால் மூலத்துக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

இன்னொரு சிறு வேண்டுகோள். சென்னை ராஜாஜி மண்டபத்தைக் கட்டுவித்தவரும் இதே எட்வர்ட் கிளைவ்தான். திப்புவை வென்றதன் நினைவாக, கம்பெனிப் பொறியாளர் கோல்டிங்ஹாமைக் கொண்டு 1802-இல் எழுப்பிய விருந்து மண்டபம் அது. பின்னாளில் நம் தலைவர்கள் பலருக்கு மக்கள் இறுதி அஞ்சலி செலுத்திய படிக்கட்டும் அதுவே. கட்டடத்தின் பராமரிப்பு தங்கள் துறையைச் சேர்ந்ததல்ல என்பதை அறிவேன். அங்கே தமிழில் விளக்கமான வரலாற்றுப் பலகை வைப்பதற்கான பரிந்துரையை மட்டும் உரிய துறைக்கு அனுப்பி உதவ வேண்டுகிறேன்.

நியூடவுனிலிருந்து அபெரிஸ்ட்வித்துக்கு நேர் ரயில் உண்டு. ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். தங்கள் அலுவலகம் பணித்தால், விடுப்பு நாட்களில் நூலகம் சென்று பட்டியல் எண்களைக் குறித்து அனுப்ப ஆயத்தமாக இருக்கிறேன். இதற்கு ஊதியமோ பயணப்படியோ வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்

இணைப்பு: மகளின் பள்ளிக் கட்டுரை, தமிழாக்கத்துடன்.