அந்தப் பயணத்தை நிறுத்தியது கப்பல் நிறுவனம் இல்லை, அக்கா

அக்கா,

குடும்பக் குழுவில் நீ அனுப்பிய கப்பல் டிக்கெட் படத்தை மூன்று நாளாகத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். அம்மாவின் நான்காம் ஆண்டுத் திதி முடிந்த மறு வாரம், சிங்கப்பூரிலிருந்து பினாங்கு. பயணிகள் பட்டியலில் என் பெயரும் இருக்கிறது. என்னைக் கேட்காமலே போட்டிருக்கிறாய். அதற்குக் கோபப்பட எனக்கு உரிமை இல்லை என்பது இந்தக் கடிதம் பாதி முடிவதற்குள் உனக்குத் தெரிந்துவிடும்.

தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நாம் இருவரும் இந்தப் பேச்சை எடுத்தால் ஐந்தாவது நிமிடம் யாராவது ஒருத்தி அழுகிறாள், மற்றவள் இணைப்பைத் துண்டிக்கிறாள். எல்லோரும் படிக்கிற இடத்தில் எழுதுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. போன ஆண்டு சித்தப்பா வீட்டுக் கல்யாணத்தில் நீ ஒரு மேசையில் சொன்னது எட்டு மேசைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. "கட்டிய பணம் முழுவதும் போய்விடும் என்று பயந்து அம்மாவின் பயணத்தை ரத்து செய்துவிட்டாள்." அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களில் பலர் இதைப் படிக்கிறவர்கள். அவர்கள் முன்னால் விழுந்த சொல்லுக்கு அவர்கள் முன்னாலேயே பதில் சொல்கிறேன். அத்தானும் படிப்பார். அவரைப் பற்றி இதில் ஒரு வரியும் இருக்காது.

ஏழு வயதில் அம்மா நாகப்பட்டினத்திலிருந்து சிங்கப்பூருக்கு வந்த ராஜுலா கப்பல், வழியில் பினாங்கில் இறங்கிப்போன பெரியம்மா, அந்தச் சிவப்புப் பாவாடை. இவற்றை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு ஐந்து ஆண்டு முன்னதாகவே அந்தக் கதையைக் கேட்கத் தொடங்கியவள் நீ. பஸ்ஸிலும் விமானத்திலும் பத்துத் தடவைக்கு மேல் பினாங்குக்குப் போய்வந்த அம்மா, அதை ஒரே ஒரு தடவை கடலிலிருந்து பார்க்க வேண்டும் என்று ஏன் சொன்னார் என்பதும் உனக்குத் தெரியும்.

உனக்குத் தெரியாதவை இரண்டு. அவற்றை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது அறை. நீ பால்கனி அறைக்குப் பணம் அனுப்பினாய். நான் பதிவு செய்தது ஜன்னலே இல்லாத உள்ளறை. மீதிப் பணத்தை அம்மாவின் பல் செட்டுக்குக் கட்டினேன். அந்த மாதம் என் கையில் இல்லை, உன்னிடம் இன்னொரு முறை கேட்க வாய் வரவில்லை. மூன்று இரவுதானே, தூங்க மட்டும்தானே அறை, பகல் முழுவதும் மேல்தளத்தில்தான் இருக்கப்போகிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். 2019 நவம்பரில் அது தவறான கணக்காகத் தெரியவில்லை.

பிப்ரவரியில் தெரிந்தது. ஜப்பானில், யோகோஹாமாவில் டயமண்ட் பிரின்சஸ் கப்பல் நிற்கிறது. உள்ளே 3,711 பேர். 5ஆம் தேதி 10 பேருக்குக் கொரோனா தொற்று என்றார்கள். 16ஆம் தேதி அது 355. பால்கனி அறைக்காரர்கள் வெளியே நின்று கையசைப்பதைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். உள்ளறைக்காரர்களைக் காட்ட முடியாது, அவர்களுக்குத்தான் வெளியே பார்க்க ஒன்றுமே இல்லையே. முகக்கவசம் போட்டு முறைவைத்துக் கொஞ்ச நேரம் மேல்தளத்தில் நடக்கவிட்டுத் திரும்பவும் அறைக்கு அனுப்பினார்கள். ஒருவர் ஜப்பான் கொடியில் 'மருந்துத் தட்டுப்பாடு' என்று எழுதித் தொங்கவிட்டிருந்தார். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு எழுந்து போய் ஃபிரிட்ஜைத் திறந்து அம்மாவின் இன்சுலின் பேனாக்களை எண்ணினேன். மூன்று நாள் பயணத்துக்கு இரண்டு பேனா என்று அம்மா தனியாக எடுத்து வைத்திருந்தார்.

அம்மாவும் அந்தச் செய்திகளைப் பார்த்தார். கப்பலில் வேலை செய்த இந்தியப் பிள்ளைகளைப் பற்றித்தான் அவருக்குக் கவலை. பயணிகளெல்லாம் அறைக்குள் இருக்க, சமைத்துத் தட்டை வாசலில் கொண்டுவந்து வைத்தவர்கள் அவர்கள். "அவர்களுக்கு யார் கொண்டுபோய்க் கொடுப்பார்கள்?" என்று கேட்டார். தன்னுடைய பயணத்தையும் அதையும் அவர் சேர்த்துப் பார்த்ததாகவே தெரியவில்லை.

அதே நாட்களில் வெஸ்டர்டாம் கப்பலை ஐந்து இடங்கள் உள்ளே விடவில்லை. கடைசியில் கம்போடியாவில் சிஹானூக்வில் துறைமுகம் ஏற்றுக்கொண்டது. அந்தக் கப்பலில் அப்போது நோயாளி என்று யாருமே கண்டுபிடிக்கப்படவில்லை, அக்கா. சும்மா சந்தேகத்திலேயே அலைந்தது. நீ பெர்த்திலிருந்து எழுதினாய்: "அது ஜப்பான். நம் கப்பல் சிங்கப்பூரிலிருந்து கிளம்புவது. இந்த வெயிலில் கிருமி நிற்காது." இங்கே அன்றைக்கு 75 பேருக்குத் தொற்று. நோய்ப் பரவல் எச்சரிக்கையை ஆரஞ்சு நிலைக்கு உயர்த்திய வெள்ளிக்கிழமை மாலையில் கடைகளில் அரிசி அடுக்கு காலியானதை நான் நேரில் பார்த்தவள். உன் வரியைப் படித்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் முழுவதும் போகவில்லை. தைரியம் சொல்கிறவள் தொலைவில் இருந்தாள். அம்மாவோடு அந்த அறைக்குள் போகவேண்டியவள் நான்.

பணத்துக்கு வருகிறேன். மார்ச் 22 கப்பல். முப்பது நாளுக்கு முன்னால் ரத்து செய்தால் பாதிப் பணம் திரும்பும், அதற்குப் பிறகு ஒன்றும் கிடையாது. பிப்ரவரி 16 இரவு ரத்து செய்தேன். தேதியைப் பார்த்தால் நீ சொன்னது சரி போலத்தான் இருக்கும். ஆனால் பயந்து ஓடியவள் பணத்துக்காக ஓடவில்லை. பொறுத்திருந்தால் முழுப் பணமும் வந்திருக்கும். இருபத்தாறே நாள். மார்ச் 13 அன்று சிங்கப்பூர் எல்லாப் பயணக் கப்பல்களுக்கும் துறைமுகத்தை மூடியது, நிறுவனமே எல்லோருக்கும் திருப்பிக் கொடுத்தது. நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் பயணம் தானாகவே நின்றிருக்கும், பணமும் போயிருக்காது, யாரும் யாரிடமும் பொய் சொல்ல வேண்டியிருந்திருக்காது.

பொய்தான் உனக்குத் தெரியாத இரண்டாவது விஷயம்.

மறுநாள் காலை காப்பி கொடுக்கும்போது, "கப்பல் நிறுவனம் பயணத்தை நிறுத்திவிட்டது அம்மா" என்றேன். "அப்படியா" என்றார். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்து, மடித்து வைத்திருந்த நான்கு பருத்திப் புடவைகளை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் வைத்தார். உனக்கும் அதையேதான் எழுதினேன். நான்தான் ரத்து செய்தேன் என்பது பிறகு பாதிப் பணம் மட்டும் உன் கணக்குக்கு வந்தபோது உனக்குத் தெரிந்தது. நீ கேட்டாய், நான் ஒப்புக்கொண்டேன். அம்மாவிடம் என்ன சொன்னேன் என்று நீ கேட்கவில்லை.

அந்த மாதக் கடைசியில் ஒரு மாலை அம்மாவை மரினா அணைக்கட்டுக்கு அழைத்துப்போனேன். வீட்டுக்குள்ளேயே இருந்து கால் வீங்கியிருந்தது. மேலே அந்தப் புல்தரையில் பிள்ளைகள் பட்டம் விட்டுக்கொண்டிருந்தார்கள். காற்று நன்றாக இருந்தது. முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துப் போட்டுக்கொண்டு கடலைப் பார்த்து உட்கார்ந்தார். கப்பல் முனையம் அங்கிருந்து தெரியும் என்பதை நான் யோசிக்கவே இல்லை. நான் எவ்வளவு சொன்னாலும் நீ இதை நம்ப மாட்டாய், ஆனால் யோசிக்கவில்லை.

வெள்ளைக் கப்பல் ஒன்று மெதுவாக நகர்ந்தது. அடுக்கடுக்காக பால்கனிகள், அவற்றில் ஆட்கள். நம் வீட்டுக் கட்டடத்தைவிட உயரம் அது. திரும்பி, நேராகி, போய்க்கொண்டே இருந்தது. அம்மா ஒன்றும் பேசவில்லை. சின்னதாகிற வரைக்கும் பார்த்தார்.

"கப்பல் எல்லாம் நின்றுவிட்டது என்றாயே."

"அது வேறு நிறுவனம் அம்மா."

எவ்வளவு சீக்கிரம் வந்தது பார் அந்தப் பதில். அம்மா என் பக்கம் திரும்பினார். முகத்தையே பார்த்தார். பிறகு கைப்பையைத் திறந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தார். நார்த்தங்காய். பயணத்துக்கென்று ஜனவரியில் தேக்கா சந்தையில் தேடி வாங்கி, சுருள் சுருளாக நறுக்கி உப்பு அடைத்து, தாழ்வாரத்தில் முறத்தில் வைத்துக் காயவைத்தது. ராஜுலாவில் ஏழு வயதில் வயிற்றைப் புரட்டியபோது பாட்டி வாயில் போட்ட அதே மருந்து. கறுத்து, ஓரத்தில் உப்பு பூத்திருந்த ஒரு துண்டைக் கிள்ளி என்னிடம் நீட்டினார்.

"வாயில் போட்டுக்கொள். முகமெல்லாம் வெளுத்துக் கிடக்கிறது."

போட்டுக்கொண்டேன். அதன் கசப்பு போய் உப்பு வருகிறவரைக்கும் இருவரும் பேசவில்லை. அதற்கு மேல் அதைப் பற்றி அவர் என்னிடம் கேட்கவே இல்லை. இந்த ஐந்தரை ஆண்டில் அந்த ஒரு துண்டு நார்த்தங்காயை நினைக்காத வாரம் எனக்கு இல்லை.

என் பக்க நியாயத்தையும் கேள். மார்ச் முதல் வாரத்தில் கோஸ்டா ஃபார்ச்சூனா இங்கிருந்துதான் கிளம்பிப் போனது. புக்கெட்டில் விடவில்லை. பினாங்கிலும் விடவில்லை. பினாங்கு, அக்கா! அம்மா பார்க்க ஆசைப்பட்ட அதே கரை, இரண்டாயிரம் பேரோடு வந்த கப்பலைத் திருப்பி அனுப்பியது. 10ஆம் தேதி மரினா முனையத்துக்கே திரும்பிவந்தது. அந்தச் செய்தியைப் பார்த்த இரவு எனக்கு நிம்மதியாக இருந்தது, வெட்கமில்லாத நிம்மதி. உடனே உனக்கு அனுப்பினேன். நீ பதில் போடவில்லை. சொன்னது பலித்துவிட்டது என்று காட்டுகிற அவசரம் என்னிடம் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு வார்த்தை நீ எழுதியிருக்கலாம். 'நல்ல வேளை' என்று மட்டுமாவது.

அந்த ஆண்டு நவம்பரில் மறுபடி கப்பல்கள் ஓடத் தொடங்கின. பாதி ஆட்களோடு, பரிசோதனையோடு, எந்தத் துறைமுகத்திலும் நிற்காமல் கடலில் சுற்றிவிட்டுச் சிங்கப்பூருக்கே திரும்புகிற பயணங்கள். உடனே நீ தொலைபேசியில் அழைத்து அம்மாவை அனுப்பச் சொன்னாய். நான் தடுத்துவிட்டேன் என்றுதான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறாய். நான் கேட்டேன். அந்தத் தடவை கேட்டேன். அம்மா துவரம்பருப்பு பார்த்துக்கொண்டிருந்தார். தலை நிமிராமல் சொன்னார்: "எங்கும் போகாத கப்பலில் ஏறி என்ன செய்ய? அன்றைக்குக் கேட்டிருந்தால் போகலாம் என்று சொல்லியிருப்பேன். செயின்ட் ஜான்ஸ் தீவில் எங்களை இறக்கி, ஊசி போட்டு, நாள்கணக்கில் அடைத்து வைத்திருந்தார்கள். ஏழு வயதில் இருந்துவிட்டு வந்தேன். எனக்கென்ன பயம்?"

அன்றைக்குக் கேட்டிருந்தால். எல்லாம் தெரிந்திருக்கிறது அவருக்கு.

போகலாம் என்று சொல்வார் என்பது எனக்கும் தெரியும், அக்கா. அதனால்தான் கேட்கவில்லை. இதைத்தான் உன்னிடம் சொல்ல வேண்டும் என்று இவ்வளவு தூரம் எழுதிக்கொண்டு வந்தேன். அம்மா உயிரோடு இருக்க வேண்டும் என்ற ஆசை என்னுடையது. பினாங்கைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை அவருடையது. என்னுடையதை வைத்துக்கொண்டேன். அதனால் கிடைத்தது ஒன்றரை ஆண்டுக்குக் கொஞ்சம் அதிகம். அந்தக் காலத்தில் அவர் பேரன் படிப்பதைப் பார்த்தார், பருப்பு பார்த்தார், என்னோடு சண்டை போட்டார். அவற்றில் ஒரு நாளையும் திருப்பிக் கொடுக்க எனக்கு மனமில்லை. இதற்கு மன்னிப்பு கேட்பதா வேண்டாமா என்பதே எனக்குத் தெரியவில்லை. பொய்க்குக் கேட்கிறேன். உன் பால்கனிப் பணத்துக்குக் கேட்கிறேன்.

அம்மா போன 2021 அக்டோபரைப் பற்றி இங்கே அதிகம் எழுத மாட்டேன். நீ வர முடியாமல் போனது உன் தவறில்லை. மேற்கு ஆஸ்திரேலியா எல்லையைத் திறந்ததே அடுத்த ஆண்டு மார்ச் 3 அன்றுதான். மண்டாய் தகனச்சாலையில் கைப்பேசியை உயர்த்திப் பிடித்து உனக்குக் காட்டியபோது என் கை நடுங்கியது, படம் ஆடியது. "ஒழுங்காகப் பிடி" என்று கத்தினாய். அதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பது நம் இருவருக்கும் தெரியும், மற்றவர்களுக்குத் தெரிய வேண்டாம். சாங்கியிலிருந்து படகில் அஸ்தி கொண்டுபோன நாளில் உன்னை அழைக்காததற்குக் காரணம் கடலில் இணைப்பு கிடைக்காது என்று சொல்லியிருந்தேன். இணைப்பு கிடைத்தது. அன்றைக்கு அம்மாவை யாரோடும் பங்குபோட்டுக்கொள்ள எனக்குத் தோன்றவில்லை. இதையும் சேர்த்துக்கொள்.

நீ மேசையில் சொன்னதை அந்த எட்டு மேசைக்கும் போய் மாற்றிச் சொல்லவேண்டும் என்று நான் கேட்கவில்லை. உன் பிள்ளைகளிடம் மட்டும் மாற்றிச் சொல். பெரியவள் போன மாதம் என்னிடம் கேட்டாள், "சின்னம்மா, நீங்கள் ஏன் பாட்டியை விடவில்லை?" என்று.

நான் வருகிறேன். உன் திட்டப்படி மூன்றாம் நாள் விடியற்காலையில் பினாங்கு வருகிறது. பெரியம்மா இறங்கிப்போனதும் விடியற்காலையில்தான் என்று அம்மா சொல்வார். பால்கனி அறை எனக்கு வேண்டாம், மேல்தளத்தில் நின்றுகொள்கிறேன். நீ நான்கு மணிக்கே எழுந்துவிடுவாய், என்னையும் எழுப்பு.

தேக்காவில் போன வாரம் நார்த்தங்காய் வந்திருந்தது. ஆறு வாங்கி நறுக்கிக் காயவைத்திருக்கிறேன். அம்மாவுக்கு வந்த மாதிரி சுருள் எனக்கு வரவில்லை, இரண்டு இடத்தில் அறுந்துவிட்டது. நீ அனுப்பிய விதிமுறைகளில், வீட்டில் செய்த உணவுப்பொருளைக் கப்பலுக்குள் கொண்டுவரக் கூடாது என்று ஒரு வரி இருக்கிறது. உலர்ந்த நார்த்தங்காயும் அதில் சேருமா என்று அவர்களிடம் கேட்டுச் சொல்.

உன் தங்கை