தரையைச் சரிசெய்து தந்தவருக்கும் துணைநின்ற ஏனையோருக்கும்

எமது கல்லூரி உதைபந்தாட்ட அணியின்மீது அன்பு கொண்ட பெற்றோர், பழைய மாணவர், ஆசிரியர், தோட்ட மக்கள் அனைவருக்கும் வணக்கம்.

இந்தப் பருவத்தில் அணி பட்ட பாடு நீங்கள் அறிந்ததே. ஆட்டமுறையை மாற்றிய பின் பிள்ளைகள் சொந்தக் கோலுக்கு முன்னாலேயே பந்தை இழந்து தடுமாறினர்; வசவும் விழுந்தது, பயிற்றுநரை மாற்றும் பேச்சும் எழுந்தது. யார் என்ன சொன்னார்கள், எந்தக் கூட்டத்தில் என்ன கேட்கப்பட்டது என்பதையெல்லாம் மறுபடி கிளறும் எண்ணம் எனக்கில்லை. சனிக்கிழமை ஹட்டன் டன்பார் மைதானத்தில் பிள்ளைகள் ஆடியதைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பேச்சு இனித் தேவைப்படாது. மனம் நிறைந்திருக்கும் இவ்வேளையிலேயே நன்றியைச் சொல்லிவிட வேண்டும் என்பதால், அணியின் பொறுப்பாசிரியன் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன்.

எங்கள் பழைய ஆட்டத்தை அறியாதவர் இப்பக்கத்தில் இல்லை. கோல் காப்பாளர் பந்தை ஓங்கி உதைப்பார். அது நடுக்களத்தைத் தாண்டி எங்கோ விழ, முன்கள வீரர் இருவர் அதைத் துரத்திக்கொண்டு ஓடுவர். சரிவும் குழியுமான மலையக மைதானங்களில் பந்து தரையில் உருள்வதைவிட ஆகாயத்தில் பறப்பதே பாதுகாப்பு என்று மூத்தவர்கள் கண்டுகொண்டதில் நியாயம் இருந்தது. அந்த ஆட்டத்தை நான் ஒருபோதும் இகழ மாட்டேன். ஆயினும், கோலுக்கு முன்னிருந்து பந்தை உதைத்து ஆட்டத்தை மறுபடி தொடங்கும் கோல் உதைக்கான விதி 2019இல் மாற்றப்பட்டு, பெனால்டி எல்லைக்குள் நிற்கும் சக வீரரே அந்தப் பந்தை வாங்கிக்கொள்ளலாம் என்றான பின்னர், பின்களத்திலிருந்து சிறு சிறு பாஸ்களாகப் பந்தை நகர்த்திக்கொண்டு முன்னேறும் ஆட்டம் இன்னும் இலகுவாயிற்று. உயரம் குறைந்தாலும் காலில் லாகவம் மிகுந்த நம் பிள்ளைகளுக்கு அதுவே பொருந்தும் என்று பயிற்றுநர் முடிவெடுத்தார்.

முடிவு சரியானதுதான். ஆனால் எங்கள் சொந்த மைதானமே அதற்குக் குறுக்கே நின்றது என்பது எவர் கண்ணிலும் படவில்லை. கோலுக்கு முன்னால் பந்து துள்ளிக் கால் தவறி எதிரணியிடம் போகும்போதெல்லாம் கரையிலிருந்து வசவு விழுந்தது பிள்ளைகள்மீதுதான். அதைக் கண்டுகொண்டவர் ஒரே ஒருவர். மைதானத்துக்கு மேலே, தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தில் குடியிருக்கும் அந்தப் பெரியவர், வேலையில் இருந்த காலமெல்லாம் தேயிலை மலையில் கான் எனும் வடிகால் வெட்டியவர். தம் பெயரைப் போட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

ஒரு மாலைப் பயிற்சியின்போது அவர் கரையிலிருந்து இறங்கி வந்து, கோல் கம்பத்துக்கு முன்னால் குதிகாலை ஊன்றி அழுத்திக் காட்டினார். குதிகாலைச் சுற்றித் தண்ணீர் ஊறி நின்றது. “பிள்ளைங்க மேல பிழை இல்லங்க சேர். மேல இருந்து வர்ற தண்ணி அடி மண்ண அரிச்சிக்கிட்டுப் போகுது. இந்த எடத்துல யாரு காலுக்கும் பந்து அடங்காது” என்றார். அத்தனை பேர் அத்தனை நாளாகப் பேசியதில் இல்லாத விளக்கம் அதில் இருந்தது.

மறுநாள் விடியற்காலையிலேயே மண்வெட்டியும் அலவாங்குமாக வந்துவிட்டார். மைதானத்தின் மேல்பக்கத்தில், சரிவுக்குக் குறுக்காக, தண்ணீர் மெல்ல ஒதுங்கிப் போகும் அளவுக்கு மட்டும் சாய்வு கொடுத்து ஒரு கான் வெட்டினார். அரித்து வரும் மண் தங்குவதற்காக அதனுள் இடையிடையே சிறு குழிகள் விட்டார். பிறகு உரச்சாக்கில் மண் சுமந்து வந்து பள்ளங்களை நிரப்பி, ஓரத்திலிருந்து புல்லை வேரோடும் மண்ணோடும் கட்டிகட்டியாகப் பெயர்த்துவந்து, இடைவெளி தெரியாமல் பொருத்தி, மரக்கட்டையால் தட்டி இறுக்கினார். முதலில் வேடிக்கை பார்த்த பிள்ளைகள் மெல்ல மெல்லச் சாக்குத் தூக்கத் தொடங்கினர். கூலி என்று எதையாவது கொடுக்கப் போனால், பிளேன்டீ ஒன்று போதும் என்று கையை விலக்கிவிடுவார்.

தென்மேல் பருவமழை பிடித்துக்கொண்டபோது கானில் கலங்கல் தண்ணீர் ஓடியது, மைதானத்தில் ஓடவில்லை. புதிய ஆட்டம் உண்மையில் அப்போதுதான் தொடங்கியது என்பேன். பந்து எப்பக்கம் துள்ளுமோ என்று தரையையே பார்த்துக்கொண்டிருப்பவனுக்குச் சக வீரன் எங்கே நிற்கிறான் என்பது எப்படித் தெரியும்? அந்தப் பயம் நீங்கிய பின், எங்கள் இடது பின்கள வீரன் பந்து காலுக்கு வருமுன்பே நிமிர்ந்து அடுத்த பாஸுக்கு ஆள் தேடலானான். பயிற்றுநர் தொண்டை வறளக் கத்தியும் வராதது அது.

ஏனையோரையும் ஒரே மூச்சில் நினைவுகூர வேண்டியிருப்பதற்கு மன்னியுங்கள். நெருக்கடியிலும் பயிற்றுநரை மாற்றச் சம்மதிக்காத அதிபர் அவர்களுக்கும், பந்துகளும் சிறு கோல் கம்பங்களும் வாங்கித் தந்த பழைய மாணவர்களுக்கும், பயிற்சிச் சட்டைகளைத் தைத்துக் கொடுத்த தாய்மாருக்கும், கடைசி பஸ்ஸைப் பிள்ளைகளுக்காகச் சற்றுத் தாமதித்து எடுத்த சாரதிக்கும், மண் எடுக்க இடம் காட்டிய தோட்ட நிர்வாகத்தினருக்கும் எங்கள் உளமார்ந்த நன்றி. கடுமையாக விமர்சித்தவர்களிலும் சிலர் சனிக்கிழமை வந்து பிள்ளைகளின் தோளில் தட்டிக் கொடுத்தார்கள், அவர்களுக்கும் நன்றி.

பெரியவருக்கு முழங்கால் வலி. இனி அந்தக் கானை அவர் துப்புரவாக்க வேண்டியதில்லை. ஆண்டுதோறும் மே மாத மழைக்கு முன்பு அணியின் மூத்த பிள்ளைகளே அதைத் தூர்வார வேண்டும் என்றும், எப்படி என்பதை இளையவர்களுக்கும் கற்றுக்கொடுக்க வேண்டும் என்றும் முடிவுசெய்து, பயிற்சி அட்டவணையிலேயே சேர்த்துவிட்டோம். வலப்பக்க மூலையில் இன்னும் பள்ளம் இருக்கிறது. உதவ விரும்புவோர் பணம் அனுப்ப வேண்டாம். மண்வெட்டியோடு ஒரு சனிக்கிழமை காலை வாருங்கள்.