கு.க. அட்டையில் ஒரு வரி கூடுதலாக எழுதுங்கள்

ஆசிரியருக்கு,

குடும்பக் கட்டுப்பாட்டுக்காகக் கருக்குழாயில் போட்ட கிளிப் இடம் மாறிப் போய்விட்டதாக அமெரிக்காவில் பெண்கள் வழக்குப் போட்டிருக்கும் செய்தியைப் படித்தேன். நம் ஊரில் அந்த கிளிப் அவ்வளவாகப் புழங்குவதில்லை. இருந்தாலும் படித்ததும் என் தங்கை நினைவுதான் வந்தது.

போன மாதம் இடுப்பு வலி என்று அவளை எம்.ஆர்.ஐ. எடுக்கக் கூட்டிப் போனேன். உடம்புக்குள் உலோகம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்கள். "வளையம் போட்டிருக்கு தம்பி" என்றாள். ஸ்கேன் எடுக்கும் பையன் காப்பர்-டி என்று நினைத்துக்கொண்டான். இல்லை, கு.க. ஆபரேஷன் என்றதும், "அப்போ கிளிப்பாம்மா?" என்றான். யாருக்குத் தெரியும்? 25 வருடமாகப் பீரோவில் வைத்திருந்த டிஸ்சார்ஜ் அட்டையை எடுத்துப் பார்த்தால் 'கு.க. அறுவை செய்யப்பட்டது' என்று ஒரே வரி. கடைசியில் எக்ஸ்ரேயில்தான் தெரிந்தது, பக்கத்துக்கு ஒன்றாகப் பொட்டு மாதிரி இரண்டு வளையம். சிலிக்கான் ரப்பர்தான், எக்ஸ்ரேயில் தெரிவதற்காகப் பேரியம் கலந்திருப்பார்கள். ஸ்கேனுக்குத் தடையே இல்லை. அலைச்சல்தான் மிச்சம்.

நர்ஸாக இருந்தபோது, கருக்குழாயில் மாட்டும் அந்த வளையத்தைக் கருவியில் ஏற்றிக் கொடுப்பதுதான் ஆபரேஷன் தியேட்டரில் என் வேலையாக இருந்தது. முன்கூட்டியே ஏற்றி வைத்தால் ரப்பர் தளர்ந்துவிடும். டாக்டர் கை நீட்டும்போதுதான் ஏற்ற வேண்டும். அவ்வளவு கவனமாக இருந்த நான் ஒரு நாளும் அட்டையில் 'ரிங்' என்று எழுதச் சொன்னதில்லை.

எழுதியிருக்க வேண்டும். ஏனென்றால் எல்லா கு.க. முறையும் ஒன்றல்ல. அமெரிக்காவில் 10,685 பெண்களைப் பல வருடம் தொடர்ந்து கவனித்து 1996இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். பத்து வருடத்துக்குள் மறுபடி கருத்தரித்தவர்கள், பிரசவத்தையொட்டிக் குழாயை வெட்டிக் கட்டியவர்களில் ஆயிரத்துக்கு 7.5, வளையம் போட்டவர்களில் 17.7, ஸ்பிரிங் கிளிப் போட்டவர்களில் 36.5. இப்போது வழக்கில் இருப்பது அந்த ஸ்பிரிங் கிளிப் அல்ல, டைட்டானியத்தில் செய்து உள்ளே சிலிக்கான் வைத்த ஃபில்ஷி கிளிப். இங்கிலாந்தில் உருவானது. நசுங்கிய இடத்தில் குழாய் இற்று இரண்டாகப் பிரிந்ததும் கிளிப் சில சமயம் கழன்றுவிடும். குழாயின் முனைகள் மூடியிருந்தால் கருத்தடை கெடாது. கிளிப் மட்டும் வயிற்றுக்குள் வேறெங்காவது போய் உட்காரும். வலி என்று வருகிறவளுக்கு என்ன போட்டார்கள் என்று தெரியாவிட்டால் டாக்டர் எதைத் தேடுவார்?

தமிழ்நாட்டில் பெரும்பாலும் பிரசவத்தோடு வெட்டிக் கட்டுவதுதான். ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி இங்கே திருமணமான பெண்களில் 57.8 சதவீதம் பேர் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். (ஆண்கள் கணக்கு 0.1. அதைத் தனிக் கடிதமாகத்தான் எழுத வேண்டும்.) இத்தனை பேர் அட்டையிலும் வெட்டிக் கட்டியதா, ரிங்கா, கிளிப்பா என்று ஒரு வரி சேர்க்கச் சுகாதாரத் துறை உத்தரவு போட்டால் போதும். கிளிப் என்றால் பெட்டியில் உள்ள பேட்ச் எண்ணையும் எழுதலாம்.

தங்கை அட்டையில் நானே எழுதிவிட்டேன்: 'ஃபாலோப் ரிங், இரு பக்கமும்.'

ஓய்வுபெற்ற செவிலியர்,
கோவில்பட்டி.