ஒரு வாரம் மட்டும் பார்த்தவனுக்கு

டிசம்பர் 2021

அன்பு நண்பா,

இங்கே எல்லோரும் நலம். நீயும் வீட்டில் உள்ளவர்களும் நலம்தானே? உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் தாமதமானதற்கு என் சோம்பலைத் தவிர வேறு காரணம் கிடையாது. இல்லை, இன்னொன்றும் உண்டு. எழுத உட்காரும்போதெல்லாம் உன் கடிதத்தின் கடைசிப் பத்தி குறுக்கே வந்து நின்றது. அதோடு ஒரு சண்டை போடாமல் மற்ற சேதி எழுத மனம் வரவில்லை.

என்ன எழுதியிருந்தாய்? "ஐம்பது வயதில் கோல்ஃப் ஆட்டக்காரர் பில் மிக்கெல்சன் பெரிய போட்டியான மேஜர் ஒன்றை ஜெயிக்கிறார். அறுபத்திரண்டில் நான் ஏன் சும்மா உட்கார வேண்டும்? மறுபடி வேலைக்குப் போகிறேன். வயசெல்லாம் வெறும் நம்பர்." போ, தாராளமாகப் போ. தடுக்க நான் யார்? ஆனால் நீ சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கும் மனுஷனை நீ ஒரே ஒரு வாரம்தான் பார்த்தாய். நான் வருஷம் முழுக்கப் பார்த்தேன். சாட்சி உனக்குச் சாதகமாக மட்டும் பேசமாட்டார், சொல்லிவிட்டேன்.

மே மாதத்துக்கு முன்னால் அவர் எப்படி ஆடிக்கொண்டிருந்தார், தெரியுமா? 1993-லிருந்து 2019 வரை ஏறக்குறைய 26 வருஷம், ஒரு வாரம் விடாமல் உலகத் தரவரிசையில் முதல் 50-க்குள் இருந்தவர், மே மாதம் நீ பார்த்த அந்த மேஜர், பிஜிஏ சாம்பியன்ஷிப், தொடங்கும்போது 115-வது இடத்தில் கிடந்தார். வருஷத்துக்கு நாலு மேஜர்தான்; அதில் ஏப்ரலில் நடந்த மாஸ்டர்ஸில் 21-வது இடம். இந்த சீசனில் அதையே நல்ல ஆட்டம் என்று சொல்ல வேண்டிய நிலைமை. இன்னொரு மேஜரான யூஎஸ் ஓப்பனுக்கு நேரடித் தகுதிகூட இல்லை. அதை நடத்தும் அமெரிக்க கோல்ஃப் சங்கத்துக்காரர்களே பழைய மரியாதைக்காகத் தனி அனுமதி கொடுத்தார்கள், அவரும் வாங்கிக்கொண்டார். அந்த அனுமதியை வாங்கும்போது மனதுக்குள் என்ன ஓடியிருக்கும் என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன். ஆறு தடவை அந்தப் போட்டியில் இரண்டாவது வந்த மனுஷன். கதவைத் தட்டித் தட்டியே கை ஓய்ந்தவர். கடைசியில் "வாங்க, பெரியவர்தானே" என்று உள்ளே விட்டிருக்கிறார்கள்.

நான் உன்னைப் பார்க்கச் சொல்வது மே மாத முதல் வாரத்தை. குவைல் ஹாலோ மைதானத்தில் வேறொரு போட்டி. கோல்ஃபில் குறைந்த அடிக்காரர்தானே ஜெயிப்பார்; வியாழக்கிழமை 64 அடித்து முதல் இடம். எனக்குத் தலைகால் புரியவில்லை. வெள்ளிக்கிழமை 75. சனி 76. ஞாயிறும் 76. முதல் நாள் முதல் இடத்தில் இருந்தவர் 69-வது இடத்தில் போய் முடித்தார். ஒரே ஆள், அதே மட்டைகள், அதே மைதானம். ராத்திரியோடு ராத்திரியாகக் கைத்திறமை எங்கே போய்விடும்?

இதற்கு அவரே பதில் சொல்லியிருக்கிறார். உடம்பு சரியாகத்தான் இருக்கிறதாம், கவனம்தான் நிற்கமாட்டேன் என்கிறதாம். அடிக்கப்போகும் அடியை மனதில் படமாகப் பார்த்து, பந்தை அடித்து முடிக்கும்வரை அந்தப் படத்தைப் பிடித்து வைத்திருக்க முடியவில்லை. அதற்காகவே ஒரே நாளில் 36 ஹோல், 45 ஹோல் (ஒரு குழியில் பந்தைப் போட்டு முடிப்பது ஒரு ஹோல்) என்று ஆடிப் பழகியதாகவும், அவ்வளவு நேரம் மனதைக் கட்டி வைத்துப் பழகினால் போட்டி நாளில் 18 ஹோல் லேசாகத் தெரியும் என்று கணக்குப் போட்டதாகவும் சொன்னார். எடை குறைத்தது, பட்டினி கிடந்தது, மூச்சைக் கவனித்தது எல்லாம் அப்புறம்தான். வயசு முதலில் கையில் இருக்கும் பலத்தைத்தான் பிடுங்கும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது முதலில் கை வைப்பது இந்தப் பிடிமானத்தில்.

சரி, நீ பார்த்த வாரத்துக்கு வருகிறேன். அதை எழுதாமல் விட என்னாலும் முடியாது.

அமெரிக்காவில் கியாவா தீவின் ஓஷன் கோர்ஸ் மைதானம், 7,876 கெஜம். மேஜர் போட்டிகளின் சரித்திரத்திலேயே அவ்வளவு நீளமான களம் இருந்ததில்லை. கடலோரம் என்பதால் காற்று வேறு. 70, 69, 70 என்று மூன்று நாள் அடித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு அடி முன்னிலையோடு எதிராளி புரூக்ஸ் கெப்காவோடு இறங்கினார். முதல் ஹோலிலேயே இவர் போகி, அதாவது அந்த ஹோலுக்கு வைத்த கணக்கைவிட ஒரு அடி அதிகம்; கெப்கா பேர்டி, ஒரு அடி குறைவு. முன்னிலை காலி. இரண்டாவது ஹோலில் இவர் பேர்டி, கெப்கா டபுள் போகி, இரண்டு அடி அதிகம். நான் நாற்காலியில் உட்காரவே இல்லை. ஐந்தாவது ஹோலில் பந்து பங்கர் என்ற மணல் பள்ளத்தில் கிடந்தது. அங்கிருந்து தூக்கிவிட்டார் பார், அது குழியைச் சுற்றியுள்ள புல்தரையான கிரீனில் விழுந்து உருண்டு நேராகக் குழிக்குள் போயிற்று. கூட்டம் போட்ட சத்தத்தில் வர்ணனையாளர் என்ன சொன்னார் என்றே எனக்குக் கேட்கவில்லை.

நீ மணல் அடியைப் பற்றித்தான் எழுதியிருந்தாய். எல்லோரும் அதைத்தான் பேசுகிறார்கள். எனக்கு மனதில் நின்றது அதற்கு அடுத்தபடி நடந்தது. ஆறாவது ஹோல் முடிந்து போகும்போது, மட்டைப் பை தூக்கும் கேடியாக வந்த தம்பி டிம், அண்ணனைத் தனியாக இழுத்து, ஜெயிக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு அடியையும் முழு மனதோடு அடித்தாக வேண்டும் என்ற அர்த்தத்தில் சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான். காற்று எந்தப் பக்கம், எந்த மட்டையை எடு என்றெல்லாம் இல்லை. அரைமனதோடு அடிக்காதே என்பதுதான் சேதி. இதைத் தம்பி சொன்னால்தான் உறைக்கும் போலிருக்கிறது. சம்பளத்துக்கு வந்த கேடி சொல்லியிருந்தால் முறைப்புதான் கிடைத்திருக்கும்.

அப்புறம் பார், அடிக்கு முன்னால் கண்ணாடிக்குப் பின்னால் கண்ணை மூடி ஒரு நிதானம். மெதுவான நடை. 16-வது ஹோலில் 366 கெஜம் ஒரு டிரைவ், ஹோலைத் தொடங்கும் முதல் அடி. அந்த வாரம் பூராவும் அந்த ஹோலில் அவ்வளவு தூரம் எவனும் அடிக்கவில்லை, பாதி வயதுப் பையன்கள்கூட. கையில் பலம் இருந்தது என்று நான் சொல்வதற்கு இதுதான் ஆதாரம். கடைசி ஹோலில் கூட்டம் கயிற்றைத் தாண்டி உள்ளே பாய்ந்து அவரை விழுங்கிவிட்டது. மார்ச்சில்தான் முழங்கால் ஆபரேஷன் செய்துகொண்டிருந்த கெப்கா, அந்தத் தள்ளுமுள்ளில் காலில் இடிபட்டு மாட்டிக்கொண்டது எனக்குக் கொஞ்சம் பாவமாக இருந்தது. இவர் எப்படியோ நீந்தி வெளியே வந்து, பந்தைக் குழிக்கு உருட்டும் 'பட்' அடி இரண்டில் முடித்தார். 73. கெப்காவையும் லூயி ஊஸ்தெய்சனையும் இரண்டு அடியில் வென்றாயிற்று. 1968-ல் 48 வயதில் இதே கோப்பையை வாங்கிய ஜூலியஸ் போரோஸின், மேஜர் ஜெயித்தவர்களிலேயே வயதானவர் என்ற சாதனை 53 வருஷத்துக்கு அப்புறம் உடைந்தது.

நீ இங்கே டிவியை அணைத்துவிட்டாய். நான் அணைக்கவில்லை.

நாலே நாளில் டெக்சஸில் அடுத்த போட்டி. கட் தாண்டவில்லை, அதாவது முதல் இரண்டு நாளில் தேறி மீதி இரண்டு நாளுக்குப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை உலகமே தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிய ஆள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினார். உனக்கு ஞாபகம் இருக்கும், இந்தத் தொழிலில் முதல் இரண்டு நாள் தேறாவிட்டால் பரிசுப் பணம் என்று எதுவும் வராது. அவருக்குப் பணம் ஒரு விஷயமில்லை, முந்தின வாரம்தான் 21 லட்சத்து 60 ஆயிரம் டாலர் வாங்கியிருந்தார். ஆனாலும் கட் கட்தான்.

ஜூனில் யூஎஸ் ஓப்பன், டோரி பைன்ஸில். சான் டியேகோ அவர் பிறந்து வளர்ந்த ஊர், சின்ன வயதிலிருந்து ஆடிய மைதானம். போட்டி தொடங்குவதற்கு முந்தின நாள் 51-வது பிறந்தநாள். மே மாதம் ஜெயித்ததால், இனிமேல் ஐந்து வருஷத்துக்கு யாரும் இரக்கப்பட்டுக் கதவைத் திறந்துவிட வேண்டியதில்லை என்ற உரிமையோடு வந்தார். கதை எழுதுகிறவன் கையில் கொடுத்திருந்தால் அங்கே ஜெயிக்க வைத்திருப்பான். 62-வது இடம். ஜூலையில் இங்கிலாந்தின் சாண்ட்விச் ஊரில் பிரிட்டிஷ் ஓப்பன், முதல் நாளே 80. அன்றைக்குப் பட்டியலில் கடைசிப் பெயர் அவருடையது. நான் பட்டியலை மேலிருந்து கீழே தேடிக்கொண்டே போனேன். பக்கம் முடிந்துவிட்டது, அங்கே இருந்தார்.

செப்டம்பரில் அமெரிக்க அணியும் ஐரோப்பிய அணியும் மோதும் ரைடர் கோப்பை. 1995-லிருந்து 2018 வரை நடந்த பன்னிரண்டு ரைடர் கோப்பையிலும் ஒன்று விடாமல் ஆடியவர், அந்த வருஷம் மேஜர் ஜெயித்த கையோடு, பன்னிரண்டு பேர் அணியில் இடமில்லாமல் துணைக் கேப்டனாகப் போய் நின்றார். இளைஞர்கள் 19-9 என்று ஐரோப்பாவைச் சாத்தினார்கள். இவர் ஓரமாக நின்று கைதட்டினார். அதில் குறைசொல்ல ஒன்றுமில்லை, அவர்கள் அப்படி ஆடினார்கள்.

வருஷக் கடைசியில் இன்னொரு திருப்பம். ஐம்பது தாண்டியவர்களுக்கான டூர் என்ற போட்டித் தொடருக்குப் போய், அக்டோபரில் ஜாக்சன்வில்லில் ஒரு கோப்பை, நவம்பரில் ஃபீனிக்ஸில் சீசனின் கடைசிக் கோப்பை. அந்த டூரில் இதுவரை ஆறு தடவை ஆடி நாலு வெற்றி. தன் வயதுக்காரர்கள் நடுவில் அவர் ராஜா. பையன்கள் நடுவில் வருஷத்தில் நாலு நாள் ராஜா. மீதி நாளெல்லாம் 62, 69 என்று ஏதோ ஒரு இடம்.

இப்போது சொல், எந்த மிக்கெல்சனைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறாய்? நீ வேலைக்குப் போவதற்கு மே மாதக்காரர் தேவையில்லை என்பது என் கட்சி. டெக்சஸில் பெட்டி கட்டியவர், சாண்ட்விச்சில் 80 அடித்தவர், அவர்கள்தான் உனக்குப் பொருத்தமான சாட்சி. அடுத்த போட்டிக்குப் பெயர் கொடுத்தாரே, அதைச் சொல்கிறேன்.

எனக்கு இதில் சொந்த அக்கறை உண்டு. ஓய்வுக்கு அப்புறம் பிழை திருத்தும் வேலையை வீட்டிலிருந்தே செய்கிறேன், தெரியும் அல்லவா? முதல் நாற்பது பக்கம் பழைய ஆள்தான். ஒற்றுப்பிழை ஒன்று தப்பாது. அதற்கு மேல் கண் வரியில் ஓடும், மனம் ஓடாது. ஆகஸ்டில் ஒரு புத்தகம் முடித்துக் கொடுத்தேன். உள்ளே பொடி எழுத்து அடிக்குறிப்பில்கூடச் சந்தி பார்த்திருக்கிறேன். அச்சாகி வந்த பிரதியைப் புரட்டினால், ஏழாம் அத்தியாயத் தலைப்பு, கொட்டை எழுத்தில், 'திருமனம்'. ஆசிரியர் நல்ல மனிதர், திருமணத்தில் மனம்தானே முக்கியம் என்று சிரித்துவிட்டார். எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அந்தத் தலைப்பை நான் மூன்று தடவையாவது பார்த்திருப்பேன். பார்த்தேன், படிக்கவில்லை.

அதன் பிறகு மிக்கெல்சன் வைத்தியத்தை நானும் செய்து பார்த்தேன். காலையில் ஏதாவது பழைய புத்தகத்தை எடுத்து அறுபது பக்கம் பிழை பார்ப்பது, அப்புறம் வேலைக்கான முப்பது பக்கம் லேசாகத் தெரியும் என்பது திட்டம். முதல் நாள் ஐம்பத்தி இரண்டாம் பக்கத்தில் தூங்கிவிட்டேன். எழுப்பியது என் மனைவி. இப்போது திட்டத்தை மாற்றி, இருபது பக்கத்துக்கு ஒரு தடவை எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வருகிறேன். தலைப்புகளைக் கடைசியில் தனியாக, எழுத்தெழுத்தாகக் கூட்டி, சத்தமாகப் படிக்கிறேன். வீட்டில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அக்டோபரில் கொடுத்த புத்தகத்தில் தலைப்பில் பிழை இல்லை. உள்ளே இரண்டு இருந்தது.

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை, அதனால்தான் கேட்கிறேன். வேலை எந்த நாளிலிருந்து, முழு நேரமா, பாதி நேரமா என்பதையும் எழுது.

ஏப்ரலில் அகஸ்டாவில் மாஸ்டர்ஸ். 2004, 2006, 2010 என்று அங்கே ஜெயித்தவருக்குக் கொடுக்கும் பச்சைக் கோட்டு மூன்று வைத்திருக்கும் ஆள், அதனால் அனுமதிப் பிரச்சினை கிடையாது. இந்தத் தடவை வியாழக்கிழமையிலிருந்தே பார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பார்த்துவிட்டு எனக்குக் கடிதம் எழுதாதே.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி