பெட்ரோல் காரை ஜெயிக்க வைத்ததே கரண்டுதான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த மோட்டார் கார் வரலாற்றுக் கட்டுரையைப் படித்தேன். பென்ஸ், டைம்லர், ஃபோர்டு என்று வரிசையாகச் சொல்லி, குதிரைத்திறன் எப்படி ஏறியது, விலை எப்படி இறங்கியது என்றெல்லாம் விளக்கிவிட்டு, கடைசிப் பத்தியில் "இனி மின்சாரத்தின் காலம்" என்று முடித்திருந்தார் கட்டுரையாளர். நான் ஓய்வு பெற்ற ஆட்டோ எலெக்ட்ரீஷியன். டைனமோ, செல்ஃப் மோட்டார், காயில், பாயிண்ட் என்றே காலம் தள்ளியவன். மின்சாரம் இப்போதுதான் காருக்குள் ஏறப் போகிறது என்கிற மாதிரி எழுதியிருந்ததைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

கார்ல் பென்ஸ் 1886 ஜனவரி 29 அன்று காப்புரிமை கேட்டு விண்ணப்பித்த மூன்று சக்கர வண்டியிலேயே பேட்டரி உண்டு, அதன் கரண்டின் வோல்டேஜை ஏற்றும் காயில் உண்டு, சிலிண்டருக்குள் தீப்பொறி (ஸ்பார்க்) விடும் பிளக் உண்டு. ஒற்றை சிலிண்டர், 954 சிசி, முக்கால் குதிரைத்திறன், அவ்வளவுதான் அந்த இன்ஜின். 1888 ஆகஸ்டில் அவருடைய மனைவி பெர்த்தா, இரண்டு மகன்களை ஏற்றிக்கொண்டு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை, நூறு கிலோமீட்டருக்கும் மேல், அந்த வகை வண்டி ஒன்றை ஓட்டிப் போனதை உங்கள் கட்டுரை அழகாகச் சொல்கிறது. வீஸ்லோக் மருந்துக்கடையில் எரிபொருள் வாங்கியது, தொப்பி ஊசியால் பெட்ரோல் குழாயில் அடைப்பு எடுத்தது, இரண்டும் இருக்கின்றன. அதே பயணத்தில் இக்னிஷன் ஒயர் தேய்ந்து ஷார்ட் ஆனபோது தன் காலுறைப் பட்டியைச் சுற்றி இன்சுலேஷன் செய்தார் என்றும் சொல்வார்கள். அதை ஏன் விட்டுவிட்டார்கள்? எங்கள் தொழிலின் முதல் ரோட்டோர ரிப்பேர் அது!

டைம்லரும் அவருடைய கூட்டாளி மைபாக்கும் பெட்ரோலுக்குத் தீ வைப்பதில் வேறு வழியில் போனார்கள். சிலிண்டருக்குள் திறந்திருக்கும் ஒரு சிறு குழாயை வெளியிலிருந்து பர்னர் வைத்துச் சிவக்கக் காய்ச்சுவது. பிஸ்டன் மேலேறி அழுத்தும்போது பெட்ரோல் கலவை அந்தக் குழாய்க்குள் நுழைந்து தீப்பிடிக்கும். கிண்டலாகச் சொல்லவில்லை, அந்தக் காலத்துக்கு இது பெரிய முன்னேற்றம். இவர்களுக்கு முன்னோடியான நிகோலஸ் ஓட்டோவின் பழைய இன்ஜின், தீச்சுடரைக் காட்டிப் பற்றவைத்த காலத்தில், நிமிடத்துக்கு இருநூறு சுற்றைத் தொடவே திணறியது. சூட்டுக் குழாய் வந்ததும் 600 தாண்டியது. 1895-ல் எமில் லெவாஸோர் பாரிஸிலிருந்து போர்டோ போய்த் திரும்பினாரே, 48 மணி 48 நிமிடம் கிட்டத்தட்டத் தனியாளாக ஓட்டி, அந்தப் பான்ஹார் வண்டியும் சூட்டுக் குழாய் வண்டிதான்.

ஆனால் அதில் டைமிங், அதாவது எந்த நொடியில் தீ வைப்பது என்பதே நம் கையில் கிடையாது. பெட்ரோல் கலவை முழுவதும் எரிந்து முடிக்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும். இன்ஜின் வேகமாகச் சுற்றும்போது பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு இன்னும் முன்னாலேயே தீ வைத்தாக வேண்டும். மெதுவாகச் சுற்றினால் தாமதமாக வைக்க வேண்டும். சிவந்த குழாய்க்கு இதெல்லாம் தெரியுமா? போதாததற்கு, பலமாகக் காற்றடித்தால் பர்னர் அணைந்துவிடும். பெட்ரோலுக்குப் பக்கத்திலேயே தீ எரிகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்பார்க்கை மட்டும்தான் முன்னே பின்னே தள்ள முடியும். 1895 வாக்கில் டி டியோன் பூட்டோன் என்ற பிரெஞ்சு கம்பெனி, பேட்டரியும் கரண்டைச் சரியான நேரத்தில் துண்டித்து ஸ்பார்க் வரவைக்கும் பாயிண்டும் வைத்துச் செய்த சின்ன இன்ஜின் 1,500 சுற்றுக்குப் போனதற்கு அதுதான் முக்கியக் காரணம்.

பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும் என்பது அப்போதைய தலைவலி. ராபர்ட் போஷ் 1897-ல் டி டியோன் மூன்று சக்கர வண்டி ஒன்றுக்கு, பேட்டரி இல்லாமல் காந்தத்தை வைத்தே ஸ்பார்க்குக்குக் கரண்ட் எடுக்கும் மேக்னெட்டோவைப் பொருத்திக் காட்டினார். அவரிடம் வேலை பார்த்த காட்லோப் ஹோனோல்ட் 1902-ல் உயர் மின்னழுத்த மேக்னெட்டோவையும் அதற்கேற்ற ஸ்பார்க் பிளக்கையும் செய்து முடித்தார். கார் வரலாறு எழுதுகிறவர்கள் ஹோனோல்ட் பெயரை எழுதி நான் பார்த்தது அபூர்வம். அவரில்லாமல் அந்த வேகங்களும் பந்தயங்களும் எங்கே?

அப்புறம், காரின் முன்னால் நின்று இன்ஜினைக் கையால் சுற்றிக் கிளப்பும் கிராங்க் கைப்பிடி. எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த மேஸ்திரி, கைப்பிடியைப் பிடிக்கும்போது கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைக்கச் சொல்லி, மறந்தால் முழங்கையில் ஸ்பேனரால் தட்டுவார். ஸ்பார்க்கைத் தாமதத்தில் வைக்காமல் சுற்றினால் இன்ஜின் பின்னுக்கு உதைக்கும், மணிக்கட்டு போய்விடும். பெட்ரோல் காரைப் பலர் ஒதுக்கியதற்கு இது பெரிய காரணம். 1900-ல் அமெரிக்காவில் தயாரான 4,192 கார்களில் நீராவி 1,681, மின்சாரம் 1,575, பெட்ரோல் வெறும் 936. மணிக்கு 100 கிலோமீட்டரை முதலில் தாண்டியதும் மின்சாரக் கார்தான்: 1899 ஏப்ரலில் காமில் ஜெனாட்ஸி ஓட்டியது.

இதை மாற்றியவர், இன்ஜினைக் கரண்டால் சுற்றிக் கிளப்பும் செல்ஃப் மோட்டாரைக் கொண்டுவந்த சார்லஸ் கெட்டரிங். கல்லாப்பெட்டி இயந்திரத்துக்கு மோட்டார் வைத்துப் பழகியவர் அவர். இன்ஜினைச் சுற்றவைக்கும் பலம் வேண்டுமென்றால் மோட்டார் பிரம்மாண்டமாக இருக்க வேண்டும் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். சில நொடிகள்தானே சுற்றப் போகிறது, அதற்குள் சூடேறிக் கருகாது, சின்ன மோட்டாரிலேயே தாங்கக்கூடியதைவிட அதிகக் கரண்ட் விடலாம் என்பது அவர் கணக்கு. இன்ஜின் ஓட ஆரம்பித்ததும் அதே மோட்டார் டைனமோவாகி பேட்டரியைச் சார்ஜ் செய்தது, விளக்கும் எரிந்தது. 1912 காடிலாக் அப்படித்தான் வந்தது. கையால் சுற்றாமலே கிளம்புவது என்ற, மின்சாரக் காருக்கு இருந்த மிகப் பெரிய சௌகரியத்தை மின்சாரமே பெட்ரோல் காருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டது.

அதற்குப் பிறகும் ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாரா, டெட்ராய்ட் எலெக்ட்ரிக் என்ற பேட்டரிக் காரைத்தான் ஓட்டினார். அவருடைய 1914 வண்டி இன்றும் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கணவர் அசெம்பிளி லைனில் லட்சக்கணக்கில் பெட்ரோல் கார் தள்ளிக்கொண்டிருந்த நேரம் அது.

கட்டுரையோடு நீங்கள் போட்டிருந்த மாடல் டி படத்தில், ரேடியேட்டருக்குக் கீழே கிராங்க் கைப்பிடி நன்றாகவே தெரிகிறது. படக்குறிப்பில் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. மாடல் டி-க்கு செல்ஃப் வந்தது 1919-ல்தான். தொடரின் அடுத்த பகுதியிலாவது அதைச் சேர்க்கச் சொல்லுங்கள். கூடவே ஹோனோல்டுக்கு ஒரு பத்தி கிடைத்தால் சந்தோஷம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆட்டோ எலெக்ட்ரீஷியன் ஒருவர்