பெயர் குறிப்பிடாத ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். 1979ஆம் ஆண்டு கைக்குழந்தையாகச் சென்னையிலிருந்து ஜெர்மனிக்கு அனுப்பப்பட்ட என் கணவர், தம்மைப் பெற்ற தாயைக் கண்டுகொண்டார். தமிழ் எழுதத் தெரியாத அவர் சார்பிலும், யாழ்ப்பாணத்தில் பிறந்து அவரை மணந்த என் சார்பிலும், இதற்குத் துணைநின்ற உங்கள் அனைவருக்கும் இம்மடலை எழுதுகிறேன். உங்களில் ஒருவருடைய பெயரும் இதில் இராது. உங்கள் பெயர் தெரிந்தால் ஊர் தெரியும், ஊர் தெரிந்தால் மாமியின், அதாவது என் கணவரைப் பெற்ற தாயின், வீடும் தெரிந்துவிடும் என்று எங்களை எச்சரித்தவர்களே நீங்கள்தாம்.

முதல் நன்றி, எங்கள் நகரத்து இளையோர் நல அலுவலகத்தில் பணிபுரியும் அம்மையாருக்கு. தத்துக் கோப்பைப் பிள்ளை பிறந்ததிலிருந்து 100 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்பதும், 16 வயது நிரம்பியவர் அலுவலரின் துணையுடன் அதைப் பார்க்கலாம் என்பதும் ஜெர்மன் சட்டம். என் கணவரின் கோப்பில் தாயின் பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. ஆனால் அந்த அம்மையார் கோப்பை அத்துடன் மூடிவிடாமல், பின்னிணைப்பாக இருந்த சென்னை உயர் நீதிமன்ற ஆணையின் மொழிபெயர்ப்பைத் தேடி எடுத்து, அதிலிருந்த மனு எண்ணை எங்களுக்குக் குறித்துக் கொடுத்தார். பிறகு நடந்தவை அனைத்தும் அந்த எண்ணிலிருந்து தொடங்கியவை.

நீதிமன்றத்துக்கும் தத்துக்கும் என்ன தொடர்பு என்று பலர் கேட்டார்கள். வெளிநாட்டவருக்குக் குழந்தையைத் தத்துக் கொடுக்க அக்காலத்து இந்தியாவில் தனிச் சட்டம் இல்லை. 1956ஆம் ஆண்டின் தத்தெடுப்புச் சட்டம் இந்து, பௌத்த, சமண, சீக்கிய சமயத்தாருக்கு மட்டுமே உரியது. ஆகவே 1890ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டப்படி நீதிமன்றம் அந்த வெளிநாட்டவரைப் பாதுகாவலராக நியமிக்கும். அவர்கள் குழந்தையைத் தம் நாட்டுக்குக் கொண்டுசென்று அங்கே தத்தெடுப்பார்கள். லட்சுமி காந்த் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் வெளிநாட்டுத் தத்துக்கு நெறிமுறைகளை வகுத்தது 1984இல். மத்திய தத்தெடுப்பு அமைப்பு உருவானது 1990இல். அதற்கு முன்பு போன பிள்ளைகளைப் பற்றிய தாள்கள் குழந்தைகள் இல்லத்திலும் நீதிமன்றத்திலும்தான் இருக்கின்றன. இல்லம், எப்போது கேட்டாலும், கோப்பு இரகசியமானது என்ற ஒரே பதிலையே அனுப்பியது. தாய்க்குக் கொடுத்த வாக்கைக் காப்பதாக அவர்கள் சொன்னதை நான் மதிக்கிறேன்; அந்தத் தாயின் விருப்பத்தை ஒரு முறையேனும் கேட்டறிய மறுத்ததில் எனக்கு உடன்பாடில்லை.

சென்னையிலுள்ள வழக்கறிஞர் ஐயா, கட்டணம் என்ற பேச்சையே எடுக்கவிடவில்லை. மூன்றாம் நபர் வழியாகப் பெற்றோரைத் தேடுவதற்கு இன்றைய தத்தெடுப்பு விதிமுறைகள் இடங்கொடுப்பதில்லை என்பதால், ஒவ்வொரு மனுவிலும் என் கணவரே கையொப்பமிட வேண்டும், அவரே நேரில் வர வேண்டும் என்பதில் அவர் கண்டிப்பாக இருந்தார். பழைய பதிவேடுகளுக்கு நடுவே அந்த வழக்குக் கட்டைத் தேடி எடுத்த ஆவணக் காப்பறை ஊழியர்களுக்கும் நன்றி. அந்த வழக்குக் கட்டில் தாயின் பெயருள்ள பிரமாணப் பத்திரமும், அவர் கைநாட்டு வைத்த ஒப்படைப்புத் தாளும் இருந்தன. அந்தக் கைநாட்டை என் கணவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெயர் கிடைத்த அன்றே புறப்பட்டுப் போய்விட நாங்கள் துடித்தோம். எங்களைத் தடுத்து நிறுத்திய சமூகப் பணியாளர் அக்காவுக்கு எத்தனை முறை நன்றி சொன்னாலும் தகும். தத்துச் சென்றவரின் உரிமை, பெற்றவரின் அந்தரங்கத்தை மீறக் கூடாது என்று விதிமுறையே சொல்கிறது. ஆயினும் ஒரு சிற்றூரில், பேரப்பிள்ளைகளோடு வாழும் முதிய பெண்ணிடம் அதைக் கடைப்பிடிப்பது எப்படி என்று எந்த விதிமுறையும் சொல்லித் தருவதில்லை. அக்கா கடிதம் அனுப்ப விடவில்லை, ஏனெனில் அந்த வீட்டில் கடிதத்தை வேறொருவர்தான் படித்துக் காட்ட வேண்டியிருக்கும். தொலைபேசியும் வேண்டாம் என்றார். ஊருக்குள் யாரிடமும் பெயரைச் சொல்லி விசாரிக்காமல், மாமி தனியாக இருக்கும் நேரத்தை அறிந்து சென்று, என் கணவரின் மடலைக் கையில் வைத்துக்கொண்டே, அதைப் படித்துக் காட்டட்டுமா என்று முதலில் கேட்டிருக்கிறார். மாமி அன்று வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அக்கா வற்புறுத்தவில்லை; தம் எண்ணை மட்டும் கொடுத்துவிட்டுத் திரும்பினார். சில வாரங்களுக்குப் பின் மாமியே அழைத்தார்.

உறுதி செய்துகொள்ள மரபணுப் பரிசோதனைக்கும் மாமி தாமாகவே இசைந்தார். அதை விரைந்து முடித்துக் கொடுத்த ஆய்வகத்தாருக்கு நன்றி. இதற்கு முன் ஐரோப்பிய நிறுவனங்களில் என் கணவர் செய்துகொண்ட பரிசோதனைகள் தூரத்து உறவுகளை மட்டுமே காட்டின. இந்தியாவில் அவற்றைச் செய்துகொண்டவர்கள் குறைவு என்பதால் அதில் வியப்பில்லை.

என் கணவரை வளர்த்த தாய்க்கும் இங்கே நன்றி சொல்ல வேண்டும். தேடுவது தமக்குச் செய்யும் துரோகம் என்று அவர் ஒருநாளும் எண்ணவில்லை; பயணச் செலவில் ஒரு பகுதியை அவரே ஏற்றார். தாயும் மகனும் அக்காவின் வீட்டில் சந்தித்தபோது மொழிபெயர்க்கும் பொறுப்பு எனக்கு வாய்த்தது. என் யாழ்ப்பாணத் தமிழ் மாமிக்குச் சில இடங்களில் புரியவில்லை, அப்போதெல்லாம் அக்காவே கைகொடுத்தார். அங்கே பேசியவற்றை எழுத எனக்கு உரிமை இல்லை.

மாமியின் பிள்ளைகளுக்கு இச்செய்தி இன்னும் தெரியாது. சொல்வதா, எப்போது சொல்வது என்பதை அவரே முடிவு செய்வார். ஆகவே ஊரையும் உறவையும் விசாரித்து எங்களுக்கு எழுதும் அன்பர்கள், நாங்கள் பதில் தராததற்கு மன்னிக்க வேண்டுகிறோம்.

நன்றியுடன்,
அவருடைய மகனும் மருமகளும்
ஜெர்மனி